பாறைப் பயறும் என் மைத்துனனும்

எனக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட அடிப்பிடிக்க விட்டுவிடுவேன் என்று என் மனைவி சொல்வாள். ஆகவே, ‘சோற்றில் கலந்து கொடுத்த பேராசிரியர்’ என்று செய்தித்தாளில் வந்திருப்பதை முதலில் திருத்த வேண்டும். சோறு அல்ல, ரொட்டி. மாவைக் கலந்தது நான். பிசைந்து சுட்டது முகாமின் சமையல்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுங்கள். உப்புப் போடுவதில்கூட நிதானம் இல்லாத மனிதர் அவர்.

நடந்ததை எல்லோருக்கும் புரியும்படி எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். யாருக்கும் புரியாதபடி எழுதியே சம்பளம் வாங்கிப் பழகிவிட்டேன். இருந்தாலும் முயல்கிறேன்.

பழங்காலத்து மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடிப்பது என் தொழில். அவர்கள் சமைத்தது வயிற்றுக்குள் போய்விட்டது. சமைக்காமல் கிடந்தது மக்கிவிட்டது. கருகியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அடுப்பைக் கவனிக்காமல் பேச்சில் மூழ்கியிருந்தார்; அவர் புண்ணியத்தில் என் குடும்பம் சாப்பிடுகிறது. அடுப்புக் குழியின் மண்ணை அள்ளி, தண்ணீர் நிறைந்த பீப்பாயில் கொட்டிக் கலக்குவோம். மண் அடியில் தங்கும், கரி மிதக்கும். மிதப்பதைத் துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே வைத்து, மெல்லிய தூரிகையால் விதை வேறு, தண்டு வேறு என்று பிரிப்போம். குடிக்கிற தண்ணீரே லாரியில் வருகிற பாலைவனத்தில், நாங்கள் அந்தத் தண்ணீரில் மண்ணைக் கழுவிக்கொண்டிருப்போம். அக்கம்பக்கத்து ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு பாறைக் குகை. அதன் அடுப்புக் குழிகளில் கருகிய பயறு, கைகொள்ளாமல் கிடைத்தது. அந்தச் செடி இன்றும் அங்கே வறண்ட ஓடைப் படுகையில் முளைக்கிறது. பாறைப் பயறு என்று நான்தான் பெயர் வைத்தேன். பாலைவனத்து ஆதி மக்கள் பாறைப் பயறை அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். அவர்களைச் சுற்றி மரங்கள் இருந்தன. ஓடையில் தண்ணீர் ஓடியது. பாலைவனம் அப்போது பாலைவனமாகவே இல்லை. இதுதான் என் கண்டுபிடிப்பு. பசுமையும் ரொட்டியும் யாருக்குத்தான் பிடிக்காது? அருங்காட்சியகத்தில் ஒரு கூடமே ஒதுக்கினார்கள். கண்ணாடிப் பேழைக்குள் கருகிய பயறு, பக்கத்தில் பிளாஸ்டரில் செய்த ஒரு ரொட்டி, அதைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டும் ஒரு தாயின் சிலை. அந்தத் தாயின் முகம் என் மனைவியின் சாயலில் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். அவள் மறுத்துவிட்டாள். தெருவில் போனால் பள்ளிப் பிள்ளைகள் ‘பயறு சார்’ என்பார்கள். சென்ற அகழாய்வுப் பருவத்தின் முடிவில் புதிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் திறந்து, வாசலில் என் பெயரைப் பொறிப்பதாக ஏற்பாடு. உயிரோடு இருக்கும்போதே வாசலில் பெயர் வருவது எங்கள் துறையில் அபூர்வம்.

இந்த நேரத்தில்தான் என் மைத்துனன் சாம்பலைப் பார்த்தான்.

அவன் என் மனைவியின் தம்பி. நன்றாகப் படித்தவன், என் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்தது நான்தான். யார் எதைச் சொன்னாலும் சலித்துப் பார்க்காமல் ஏற்கமாட்டான் என்பதால் அவனுக்கு அங்கே ‘சல்லடை’ என்று பெயர். கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்னால், அந்தக் கடிகாரத்துக்கு யார் சாவி கொடுத்தது என்று கேட்பான். ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, இங்க வாங்க. இதைக் கொஞ்சம் பாருங்க.”

“என்னது?”

“நம்ம அடுப்புச் சாம்பல்தான். நீங்க விதைய மட்டும் எடுத்துட்டுத் தூக்கிப் போடச் சொன்னீங்கல்ல, அது.”

நுண்ணோக்கியில் ஒரு கண்ணாடியைத் திருகினான். காட்சி இருண்டது. இருட்டில் பொடிப்பொடியாக ஒளிரும் உருண்டைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் கூட்டல் குறி போட்டதுபோல ஒரு சிலுவை. ஆடுமாடுகளின் குடலுக்குள் உருவாகி, சாணத்தோடு வெளியே வரும் சுண்ணாம்புப் படிகங்கள் அவை. எரித்தாலும் சாம்பலில் தங்கிவிடும். மாணவர்களுக்கு நானே நடத்திய பாடம்தான். என் அடுப்பில் பார்க்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

“சாணம்” என்றேன்.

“புழுக்கை மாமா. ஆட்டுப் புழுக்கை. பயற ஆடு தின்னுருக்கு, ஆடு போட்டிருக்கு, இவங்க அள்ளிட்டு வந்து எரிச்சிருக்காங்க. பயறு அடுப்புக்கு விறகா வந்திருக்கு, சாப்பாடா இல்ல.”

“அப்ப மரம்?”

“மரம் இருந்தா எவன் மாமா புழுக்கைய எரிப்பான்? அது அப்பவே பொட்டல்காடுதான்.” பிறகு அவனால் அடக்க முடியவில்லை. “மாமா... அந்த மியூசியத்து அம்மா பிள்ளைக்கு ஊட்டுறது...” மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

நானும் சிரித்தேன். கெட்ட மனிதனாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

அவன் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பியிருந்தால் அவன் பெயர் ஒரே வாரத்தில் எங்கள் துறை முழுக்கப் பரவியிருக்கும். “உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு மாமா. நீங்களே திருத்தி எழுதிட்டா பெருமைதானே” என்றான். எதிரி குத்தினால் மருந்து போட்டுக்கொள்ளலாம். நம்மேல் பிரியமுள்ளவன் நம்மைத் திருத்த வருவதற்கு மருந்தே கிடையாது.

இன்னொன்றும் கேட்டான். அந்தக் குகையில் மனிதத் தாடைகள் இரண்டு கிடைத்திருந்தன. பல்லில் படிந்து இறுகிய காரையைத் துளி சுரண்டிப் பார்த்தால், தின்ற மாவின் நுண்ணிய மணிகள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தானியம், எந்தப் பயறு என்று மணியின் வடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம். “ஒரே நாள் வேலை மாமா. தின்னாங்களா இல்லையான்னு தெரிஞ்சுடும்” என்றான். நான் மறுத்தேன். இறந்தவர்களுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்றேன்.

அந்த வாரமே எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேச்சு மறுபடி அங்கே வந்தது. என் மனைவி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“தம்பி, சாப்பிடறப்பவாவது புழுக்கைய விடுடா” என்றாள் அவனிடம். என்னிடம், “அவன் சொல்றது சரின்னா ஒத்துக்கிட்டுப் போங்களேன். தோத்தா என்ன குறைஞ்சுடும்?” என்றாள்.

“தோத்துட்டுப் போக இது கேரம் இல்ல.”

“கேரம்லயே தோத்தா போர்டைத் தூக்கி உள்ள வெச்சுடுவீங்க.”

மைத்துனன் சிரித்தான். “அக்கா, ரொம்ப சிம்பிள். அந்தப் பயற யாராவது ஒரு சீசன் முழுக்கத் தின்னு காட்டட்டும். அப்புறமும் நல்லா இருந்தா, மாமா சொன்னதுதான் சரின்னு நானே எழுதித் தரேன்.”

அவன் அனுமதியில்லாமல் செய்தேன் என்று குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. அவன் சொன்ன வாக்கியத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ‘யாராவது’ என்றான். அந்த யாராவதில் அவனும் அடக்கம். சாட்சியாக அவன் அக்காவே அங்கே இருந்தாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாறைப் பயறின் உறவுச் செடிகள் சிலவற்றில் ஒரு நஞ்சு உண்டு. என்றாவது ஒரு நாள் தின்றால் ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் அதையே உணவாகக் கொண்டால் இடுப்புக்குக் கீழே நரம்புகள் இறுகி, கால்கள் முடங்கிப்போகும். ஆடு ஓரளவு தாங்கிக்கொள்ளும், மனிதன் தாங்கமாட்டான். இது எனக்குத் தெரியுமா என்று முதல் நாளே கேட்டீர்கள். தெரியும். ஆனால் உறவுச் செடிகளைப் பற்றித்தான் தெரியும். பாறைப் பயறைப் பற்றி யாரும் சோதித்ததில்லை. உறவினர் செய்த குற்றத்துக்கு ஒருவரைச் சந்தேகிப்பது அறிவியல் அல்ல.

பருவம் தொடங்கியது, முகாமுக்குப் போனோம். மைத்துனனுக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது, வயிற்றைக் கலக்கும். எல்லோருக்கும் கோதுமை ரொட்டி, அவனுக்கு மட்டும் தனியாகச் சோள ரொட்டி. அவனுடைய மாவைப் பட்டணத்திலிருந்து வாங்கி வரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். அக்கா வீட்டுக்காரர் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார் என்று முகாமில் பேச்சு. ஆடு மேய்ப்பவர்களிடம் சொல்லி ஓடைப் படுகையில் பயறு பறிக்கச் செய்தேன். பட்டணத்து மாவு மில்லில் கொடுத்தபோது மில்காரர் மூட்டைக்குள் கையை விட்டு அளைந்தார்.

“ஆட்டுத் தீவனமா சார்?”

“ஆராய்ச்சிக்கு.”

“எதுக்கா இருந்தா என்ன சார், கடைசியாத்தான் அரைப்பேன். கல்லுல வாசம் புடிச்சா ஜனங்க என்னைத்தான் திட்டும்.”

உட்கார்ந்து காத்திருந்தேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அந்த வகைப் பயறை ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் நஞ்சு பெருமளவு இறங்கிவிடும். ‘ஊறவைத்திருக்கலாமே, சார்’ என்று நீங்கள் வருத்தத்தோடு சொன்னீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசியுங்கள். அந்தக் குகையில் பயறு கிடைத்த மண்ணடுக்கில் ஒரு பானைகூடக் கிடைக்கவில்லை. ஒரு ஓடு, ஒரு விளிம்பு, எதுவும் இல்லை. பாத்திரம் இல்லாதவர்கள் எதில் ஊறவைத்திருப்பார்கள்? சான்று இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் சோதனை கெட்டுவிடும். என்னை எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். முறை தவறியவன் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே ஊறவைக்கவில்லை.

முதலில் சோளத்தில் கொஞ்சமாகக் கலந்தேன். பிறகு பாதிக்குப் பாதி. கடைசியில் சோளம் பெயருக்குத்தான் இருந்தது.

“மாமா, இந்த மாவு லேசாக் கசக்குதா?” என்று ஒரு நாள் கேட்டான்.

“புதுச் சோளம். அப்படித்தான் இருக்கும்.”

சமையல்காரர் குறுக்கே வந்தார். “தம்பி, குறை சொல்லாதீங்க. எங்களுக்கெல்லாம் மூட்டையிலேர்ந்து மாவு. உங்களுக்கு மட்டும் சார் டின்னுல போட்டுப் பூட்டி, நகைநட்டு மாதிரி எடுத்துக் குடுக்கறாரு. பொண்டாட்டி தம்பின்னா சும்மாவா?”

எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனன் கூச்சத்தோடு இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டான். என் மனம் நிறைந்தது என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். ஆனால் நிறைந்தது. திறப்பு விழா மேடையில் என்ன சொல்வேன் என்று எனக்குள் எழுதி வைத்திருந்தேன்: ‘நண்பர்களே, மனிதன் இதைத் தின்றிருக்க முடியாது என்று சொன்ன இந்த இளைஞன், ஒரு பருவம் முழுக்க இதைத்தான் தின்றான். இதோ, தன் காலில் நடந்து மேடைக்கு வருகிறான்.’ கைதட்டல் எங்கே வரும் என்றுகூடக் குறித்து வைத்திருந்தேன். அவனும் சிரித்திருப்பான். நல்ல பையன்.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டீர்கள். மணலில் தெரிந்தது. காலையில் முகாமிலிருந்து குகைக்கு எல்லோரும் வரிசையாகப் போவோம். தடம் படிப்பது எங்களுக்குப் பழக்கம். எல்லோருடைய தடமும் குதிகாலில் ஆழமாகத் தொடங்கி விரலில் முடியும். அவனுடையது மட்டும் விரலில் தொடங்கியது. விரலுக்கு முன்னால் ஒரு கோடு. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்துக்கொண்டு போனதுபோல. சில நாட்களில் கோடு நீண்டது. நல்ல தெளிவான தடம். படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ஏணியில் தடுமாறினான். கெண்டைக்கால் இழுக்கிறது என்றான். குழிக்குள் குத்தவைத்து உட்கார்ந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டது என்று அவனே காரணமும் சொன்னான். எதையும் சலிக்காமல் நம்பாதவன் தன் காலைப் பற்றிக் கிடைத்த முதல் விளக்கத்தையே நம்பினான். சமையல்காரர் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். “என்ன தம்பி, மேடையில டான்ஸ் ஆடற மாதிரி நுனிக்கால்ல நடக்கறீங்க?” என்று கேலியும் செய்தார். ஊருக்குப் போய் டாக்டரைப் பார்க்கட்டுமா என்று அவன் என்னிடம் கேட்டான்.

பருவம் முடியப் போகிறது, பொறுத்துக்கொள் என்றேன்.

அப்போதே மாவை மாற்றியிருந்தால் கால் ஓரளவு தப்பியிருக்கும் என்று மருத்துவர் சாட்சி சொல்லியிருக்கிறார். அவர் துறையில் அவர் பேசுகிறார். என் துறையில், பாதியில் நிறுத்திய சோதனையால் யாருக்கும் பயன் இல்லை. அதுவரை அவன் தின்றதெல்லாம் வீணாகியிருக்கும். அவனுடைய உழைப்பை அப்படி அவமதிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் குழிக்குள் இறங்கியவனால் ஏற முடியவில்லை. மண் கூடையைத் தூக்கும் கயிற்றுக் கப்பியில்தான் அவனையும் தூக்கினார்கள். மேலே வந்ததும் மணலில் உட்கார்ந்து, தன் முழங்காலைத் தானே தட்டிப் பார்த்தான். “மாமா, இது என்னுது மாதிரியே இல்ல” என்றான். அவன் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

மருத்துவமனையில், முகாமில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார்கள். வழக்கமான சாப்பாடுதான் என்றேன். பொய் இல்லை, அதற்குள் அது வழக்கமாகியிருந்தது. எதனால் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்கு மேல் மோசமாகாது, ஆனால் போன நடை திரும்பி வராது என்றார்கள். மனைவி நடைக்கூடத்தில் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளைத் தேற்றினேன். நுண்ணோக்கி வேலைக்குக் கால் எதற்கு, உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை. சக்கர நாற்காலிக்குத் தோதாக அவன் மேசையைத் தாழ்த்த ஏற்பாடு செய்தேன். கழிவறைக்குச் சாய்வுப் பாதை போடச் சொன்னேன். இதெல்லாம் குற்றப்பத்திரிகையில் இல்லை.

அவன் படுக்கையிலிருந்தபடியே வேலை பார்த்தான் என்பது எனக்குத் தெரியாது. பல் மருத்துவர் ஒருவரை வரவழைத்து, தன் பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுக்கச் சொல்லியிருக்கிறான். பல் துலக்குவதில் அவன் சின்ன வயதிலிருந்தே சோம்பல் என்று மனைவி குறைப்பட்டுக்கொள்வாள். அந்தக் காரையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, கண்ணாடித் துண்டில் ஏற்றி, படத்தைத் தன் திரையில் பார்த்திருக்கிறான். முழுக்கப் பாறைப் பயறின் மாவு மணிகள். குகை மனிதனின் உணவைக் கண்டுபிடிக்கும் முறையில் தன் உணவைக் கண்டுபிடித்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். முறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

அதோடு விட்டானா? நான் இங்கே உங்கள் விருந்தாளியாக வந்த பிறகு, அந்த இரண்டு தாடைகளையும் சுரண்டிப் பார்க்கப் புதிய துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறான். புல் விதை இருந்ததாம், ஏதோ ஒரு கிழங்கு இருந்ததாம். பாறைப் பயறு ஒரு மணிகூட இல்லையாம். இரண்டே இரண்டு தாடை. அதை வைத்துக்கொண்டு ஒரு சமூகமே தின்னவில்லை என்று முடிவு கட்டுவது அவசரப் புத்தி. அவனுக்கு எப்போதும் இருக்கிற குறை அது.

நேற்று மனைவி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது, உட்காரவில்லை.

“ஏங்க, அவன் காலை இழுத்துக்கிட்டு நடந்ததைப் படம் எடுத்தீங்களாமே?” என்றாள்.

“ஆமா.”

“எதுக்கு?”

சான்றுக்கு என்றேன். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். கேரத்தில் தோற்கிற நாட்களில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் செய்தேன். தெரிந்து செய்தேன், அவன் கால் இழுக்கத் தொடங்கியதைப் பார்த்த பிறகும் செய்தேன். இதைப் பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். ஆனால் இன்று காலை நீங்கள் கோப்பை மூடிவிட்டு, வழக்குக்குச் சம்பந்தமில்லாமல், ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்பதுபோல ஒன்று கேட்டீர்கள்: “அதெல்லாம் இருக்கட்டும் சார். உங்க மச்சினன் ஒரு சீசன் தின்னே இப்படி ஆயிட்டாரு. காலம் முழுக்க அதையே தின்னுருந்தா, அந்த ஜனங்க எப்படி சார் அந்தப் பாலைவனத்துல நடந்திருப்பாங்க?”

நியாயமான கேள்வி. என் நூலை, கட்டுரைகளை, அருங்காட்சியகத்தில் நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளை எல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். அவர்கள் பாறைப் பயறைச் சாப்பிட்டார்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். நடந்தார்கள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.